காளானுக்குப் போன சப்பாத்து

ஐப்பசி 6, புதன்

விடியப்புறம் இடி. நல்ல இடி. பிறகு ஒரு மணித்தியாலம் மழை. கூரையில் இரண்டு இடத்தில் ஒழுக்கு, ஒன்று அலுமாரிக்கு நேரே. வாளி வைத்தாயிற்று.

சல. பச்சை. (நீலம் நல்லது, பச்சை பரவாயில்லை, மஞ்சள் கவனம், செங்கல் நிறம் என்றால் கடவுளே. சலத்தில், அதுதான் மூத்திரத்தில், சீனி பார்க்க அதை டொக்டர் சொன்ன நீலத் தண்ணீரில் விட்டுக் காய்ச்சிக் காய்ச்சிக் குசினியில் எனக்கென்று தனி அடுப்பே வந்துவிட்டது.)

வேலைக்குப் போனேன். தபாற்கந்தோரில் சனமில்லை. பதினொரு மணிக்குக் கொடிகாமத்துத் தபாற்கட்டைப் பிரித்தால் அதற்குள் எனக்கே ஒரு தபாலட்டை. என் மனுசி பரிமளத்தின் அண்ணை, செல்லத்துரை மச்சான். எழுத்து, கோழி கிளறின மண். "இஞ்சை இடி. புத்து வெடிக்கும். சனி பின்னேரம் வாரும். பிந்தினால் புழுவுக்குத்தான்." அவ்வளவுதான். சுகமோ என்று ஒரு சொல் இல்லை. அதுதான் அவரில் எனக்குப் பிடித்தது. மற்றவர்கள் எல்லாரும் ஒரு வருசமாக என் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்துக் கதைக்கிறார்கள்.

கலியாணம் முடித்த வருசத்திலிருந்து இருபத்திரண்டு ஐப்பசி அவரோடு புற்றுக் காளானுக்குப் போயிருக்கிறேன். போன வருசம் மட்டும் ஆசுப்பத்திரிக் கட்டிலில். வலக்கால் சின்னவிரலும் பக்கத்து விரலும் அப்போதுதான் போனது. செருப்பு வார் உரசின ஒரு கொப்புளம், சலரோகக்காரனுக்கு அது காணும். "இன்னொரு புண் எண்டால் விரலோடை நிக்காது, கிளாக்கர்" என்றார் டொக்டர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அட்டையை மேசை லாச்சிக்குள் போட்டேன். பின்னேரத்துக்குள் மூன்று தரம் எடுத்துப் பார்த்தாயிற்று. போகத்தான் வேணும். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

ஐப்பசி 7, வியாழன்

தூறல். சல. பச்சை.

சொன்னேன். விளக்கு வைத்த பிறகு, கால் பார்க்கிற நேரத்தில். அந்த நேரத்தில்தான் பரிமளம் எழும்பிப் போக மாட்டாள். ஒவ்வொரு நாளும் பொழுதுபட என்னைக் கதிரையில் இருத்தி, தான் பலகையில் இருந்து, காலைத் தூக்கி மடியில் வைத்து, விரலிடுக்கெல்லாம் பார்ப்பாள். கணுக்காலுக்குக் கீழே எனக்கு நோவோ சூடோ ஒன்றும் தெரியாது. தை மாதம் கந்தோரில் ஒரு தட்டையாணி உள்ளங்காலில் ஏறி, காலை முழுக்க முத்திரை விற்றுக்கொண்டிருந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து அவள் கண்டுதான் பிடுங்கினாள்.

"காளானோ? இந்தக் காலோடையோ? உங்களுக்கு விசரே?"

"அண்ணை கூப்பிட்டவர்."

"அண்ணைக்குக் காலிலை பத்து விரல் கிடக்கு. அவர் கூப்பிடுவார்."

இரவுச் சாப்பாடு குரக்கன் புட்டு, முருங்கையிலை வறை. புட்டு கல்லுப்போல. கோபம் இருந்தால் அவள் தண்ணீரைக் குறைத்துத்தான் குழைப்பாள்.

கை கழுவும்போது தானாகவே சொன்னாள்: "போறதெண்டால் நான் சொல்லுற மாதிரித்தான் போக வேணும்."

எழுதிக்கொண்டேன்.

1. சப்பாத்து. செருப்பு இல்லை. மூடின சப்பாத்து.
2. சொக்ஸ், வெள்ளை. (இரத்தம் பட்டால் தெரிய வேணுமாம்.)
3. காற்சட்டை. சாரம் இல்லை.
4. அண்ணை வீட்டு முற்றத்திலும் வெறுங்கால் இல்லை.
5. முகக்கண்ணாடி. மத்தியானம் ஒருக்கா உள்ளங்காலைப் பார்க்க.
6. மருந்துக் குளிசை, சாப்பாடு நேரத்துக்கு.

எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன். கலியாண எழுத்தில் கையெழுத்துப் போட்டபோதுகூட இவ்வளவு கெதியாகப் போடவில்லை.

ஐப்பசி 8, வெள்ளி

மழை இல்லை, இறுக்கம். சல. பச்சை, கொஞ்சம் மஞ்சளுக்குச் சாடை.

அரை நாள் லீவு போட்டுச் சப்பாத்துத் தேடினேன். சுன்னாகத்தில் இரண்டு கடை. முதற் கடையில் ஒரு சோடி கன்வஸ், பள்ளிக்கூடப் பிள்ளையின் அளவு. இரண்டாம் கடைக்காரர் மேசைக்குப் பின்னால் பத்திரிகை வாசித்துக்கொண்டே, "வெளிச்சாமான் எல்லாத்தையும் மறிச்சுப்போட்டாங்கள், அண்ணை. கப்பல் வந்தால் பாப்பம்" என்றார். கப்பல் வரும்போது காளான் இராது, காலும் இருக்குமோ தெரியாது. சீனிக்கு நின்ற வரிசை சந்திவரை. எனக்கு வேண்டாத சாமான் என்றாலும் பரிமளத்துக்காக நின்றேன். முன்னால் நின்ற கிழவர் பின்னால் நின்றவரிடம், "சீனி இல்லாட்டி என்ன, சலரோகம் வராது" என்றார்.

கடைசியில் கை கொடுத்தது பக்கத்து வீட்டு நடராசா. சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை. அங்கே கொடுத்த பூட்ஸ் இரண்டு சோடி வைத்திருக்கிறான். வேலிக்கு மேலால் ஒரு சோடியை நீட்டினான். "புதுசு, கிளாக்கர் அண்ணை. இரண்டு கிழமைதான் போட்டது. நாய் கடிச்சாலும் பல்லுத்தான் போகும்." பெரிய மனது. கறுத்த தோல், தடித்த சோல், விரலுக்கு மேலே உள்ளுக்குள் இரும்புத் தகடு. இல்லாத விரலுக்கு இரும்புத் தொப்பி.

ஒரு அளவு பெரிது. வெறும் இடத்தில் இலவம்பஞ்சு அடைத்தாள் பரிமளம். சொக்ஸ் அலுமாரியின் அடித்தட்டில் கிடைத்தது: மகள் பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து விளையாடப் போட்டது, முழங்கால்வரை, வெள்ளை. மகள் இப்போது கொழும்பில், இரண்டு பிள்ளைக்குத் தாய்.

முற்றத்தில் நடந்து பழகினேன். காற்சட்டை, மகளின் சொக்ஸ், நடராசாவின் பூட்ஸ். கிணற்றடிவரை போய்த் திரும்பினேன். கோழி எல்லாம் பதறிக் கொட்டிலுக்குள் ஓடிவிட்டன. பரிமளம் குசினி வாசலில் நின்று பார்த்தாள், வாயைப் பொத்தினாள், பிறகு முடியாமல் நிலத்தில் இருந்தே சிரித்தாள். ஒரு வருசத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்ததைக் கண்டேன். சந்தோசமாக இருந்தது. இன்னும் இரண்டு தரம் கிணற்றடிக்குப் போய்வந்தேன்.

ஐப்பசி 9, சனி

கொடிகாமத்திலிருந்து எழுதுகிறேன். மச்சான் வீட்டு மண்டபம். வானம் மூடிக் கிடக்கிறது, தவளைச் சத்தம்.

கொண்டுவந்தது:
துணிப்பை 1. ஓலைக் கடகம் 1, மூடியோடு. (பரிமளம் தகரவாளி தரப் பார்த்தாள். தகரத்துக்குள் காளான் வேர்த்து ஊருக்கு வரும்முன் நாறிவிடும். ஓலைதான்.)
பழைய பத்திரிகை, சுற்ற.
சின்னக் கத்தி. கிளற ஒரு பூவரசங் கம்பு, முனை சீவினது.
துவாய். குடை. மாற்றுச் சேட்.
குளிசை, கடுதாசியில் சுற்றி மூன்று.
குரக்கன் ரொட்டி ஐந்து, வாழையிலையில். சம்பல் புறம்பாக.
தண்ணீர்ப் போத்தல்.
கண்ணாடி. கைக்குட்டையில் சுற்றிக் கடகத்துக்குள்.
பனங்கட்டி இரண்டு துண்டு. இது டொக்டரின் கட்டளை: குளிசை போட்டு நடந்து தலை சுற்றினால் வாயில் போட வேணும். வருசத்தில் சட்டப்படி எனக்குக் கிடைக்கிற இனிப்பு இவ்வளவுதான். சாவகச்சேரி வரும்போதே தலை இலேசாகச் சுற்றுவதுபோல் இருந்தது. ஒரு துண்டு போட்டேன். சுற்றவில்லை என்றே நினைக்கிறேன்.

ரயில் கோச்சியில் எதிரே இருந்த மனுசி பூட்ஸைப் பார்த்துப் பார்த்துக் கேட்டே விட்டாள்: "தம்பி பொலிசிலையோ?" "இல்லையக்கா, தபாற்கந்தோர்." "அங்கையும் உப்பிடிக் குடுக்கிறாங்களே!"

மச்சான் படலையடியில் நின்றார். வெறுங்கால், வெறும் மேல், சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். சப்பாத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"உந்தச் சத்தத்துக்குக் காளான் திரும்ப மண்ணுக்குள்ளை போயிடும், மச்சான்."

"உங்கடை தங்கச்சியின்ரை கட்டளை."

"அப்ப சரி." வேறு பகிடி விடவில்லை. அவருக்கும் அவளுக்குப் பயம்.

கால் பார்த்தேன், கண்ணாடியில். வயிறு மறைக்கிறது. ஒருவிதமாகப் பார்த்தாயிற்று. ஒன்றுமில்லை.

ஐப்பசி 10, ஞாயிறு

கொடிகாமம் ஸ்ரேசன் வாங்கில் குந்தியிருந்து எழுதுகிறேன். கோச்சி ஒன்றரை மணித்தியாலம் பிந்தும் என்கிறார்கள். கடகம் நிறையக் காளான். நல்ல நாள். வரிசையாக எழுதுகிறேன்.

பலபலவென்று விடியும்போது வெளிக்கிட்டோம். பனங்கூடல் தாண்டி, வடலிக்குள்ளால், கிழக்கே பற்றைக்காடு. பூட்ஸ் நல்ல சாமான்தான். வடலிக் கருக்கு, சூரைமுள், ஈச்சம்பற்றை, ஒன்றுக்கும் விலகாமல் நடந்தேன். மச்சான்தான் வளைந்து நெளிந்து வந்தார். ஒரு பொழுதுக்கு நான் பெரிய ஆள்.

முதல் இரண்டு புற்றிலும் ஒன்றுமில்லை. மூன்றாவதில் யாரோ முந்திவிட்டார்கள், தண்டுமுறி மட்டும். மச்சான் வாய்க்குள் ஏசினார்.

பிறகு பாலைமரத்தடி. எங்கள் புற்று. ஆளுயரம். அடியெல்லாம் வெள்ளை வெள்ளையாக, குடை விரிக்காத மொட்டும் விரித்ததுமாக. இருபத்திரண்டு வருசத்தில் இப்படி இரண்டு தரம்தான் கண்டிருப்பேன். விரலால் காட்டப்போனேன், மச்சான் கையைத் தட்டிவிட்டார். பிஞ்சையும் காளானையும் விரலால் காட்டக் கூடாது, அழுகிவிடும்.

புற்றுக்குப் பக்கத்தில் கல். கல்லுக்கு ஒரு சிவப்புப் பட்டுத்துண்டு, சிட்டி விளக்கு. நாகதம்பிரான் கோயில் அதுதான். அந்தப் பக்கத்துச் சனம் இருபதடி தள்ளியே செருப்பைக் கழட்டிவிடும். பலகையில் எழுதி வைக்கவில்லை. எழுதவும் தேவையில்லை.

நான் இருபதடி தள்ளி நின்றேன். மச்சான் திரும்பிப் பார்த்தார், சப்பாத்தைப் பார்த்தார்.

"நீர் உதிலை நில்லும். நான் பிடுங்கித் தாறன்."

நின்றேன். எனக்குப் பக்தி அவ்வளவு இல்லை. கோயிலுக்குத் திருவிழாவுக்குத்தான் போகிறவன். பரிமளத்துக்கு ஓம் என்று சொன்னதும் நினைவில் இருந்தது. ஆனால் மச்சானுக்குப் பொறுமை போதாது, எப்போதும் அப்படித்தான். இந்தக் காளானின் தண்டு மண்ணுக்குள் ஒரு முழம் போகும். கம்பால் கிளறி, கையை விட்டுத் தடவி எடுக்க வேணும். அவர் பிடித்து இழுக்கிறார். இழுக்க முறிகிறது. முறிகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. இடது பக்கம் எப்போதும் என் பக்கம். அதையும் அவர் தொடங்கிவிட்டார்.

ஒரு பத்து நிமிசம் நின்றிருப்பேன். பிறகு ஒரு வேரில் குந்திப் பூட்ஸைக் கழட்டினேன். சப்பாத்தோடு அந்தக் கல்லுக்கு முன்னால் போக ஏலாது. பக்தியோ பழக்கமோ, எனக்கே தெரியாது. ஏலாது.

சொக்ஸோடு போயிருக்கலாம். ஆனால் வெள்ளை. புற்றுச்சேறு பட்டால் வீட்டில் தெரிந்துவிடும். அதையும் கழட்டிப் பூட்ஸுக்குள் வைத்தேன்.

மச்சான் பார்த்தார். வலப்பக்கம் தள்ளி இடம் விட்டார்.

முழங்காலில் நின்று ஒரு மணித்தியாலம் கிளறினேன். மண் குளிர்ச்சி கைக்குத் தெரிந்தது. ஒன்றுகூட முறியவில்லை. பெரியது ஒன்று, குடை என் சாப்பாட்டுக் கோப்பை அளவு, தண்டு முழுதாக, நுனி வேர்வரை. அதைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தபோது எனக்குச் சலரோக வருத்தம் ஒன்றும் இல்லை, வயது ஐம்பத்துமூன்று இல்லை, யாரும் என் காலைப் பார்க்கவில்லை. சும்மா எழுதுகிறேன், யார் வாசிக்கப்போகிறார்கள்.

மழை இறங்கியது. ஓடிப்போய்த் துவாயால் காலைத் துடைத்து, சொக்ஸ், பூட்ஸ். கண்ணாடி கடகத்தின் அடியில், மேலே காளான். மழைக்குள் அதை எல்லாம் கொட்டி எடுக்கவோ? பிறகு பார்க்கலாம் என்று விட்டேன். மச்சானுக்கு முன்னால் முகக்கண்ணாடி பிடிக்கக் கூச்சமும்தான். இன்னும் இரண்டு புற்றுப் பார்த்து, சுற்றுவழியால் வந்து சேர மத்தியானம் தாண்டிவிட்டது.

பரிமளத்துக்குக் கழட்டினதைச் சொல்லத் தேவையில்லை. இருபதடிதானே.

கோச்சி வருகிறது.

ஐப்பசி 11, திங்கள்

லீவு. மழை. சல. செங்கல்.

நேற்றுப் பொழுதுபட வீட்டுக்கு வந்தேன். கடகத்தைத் திறந்து பரிமளம் "அம்மாடி!" என்றாள். நல்ல சந்தோசம். தேத்தண்ணி தந்து, "காலை நீட்டுங்கோ" என்று பலகையில் இருந்தாள். பூட்ஸைக் கழட்டினாள்.

வலக்கால் சொக்ஸின் அடி முழுக்கச் சிவப்பு. சில இடம் காய்ந்து கறுத்து.

பெருவிரலுக்குக் கீழே, உள்ளங்காலில், ஈச்சமுள். ஊசியால் கிளறி எடுத்தாள். முக்கால் அங்குலம். முறிந்த நுனி இன்னும் உள்ளே இருக்கிறதோ தெரியாது. அதன் மேல் பூட்ஸைப் போட்டு இறுக்கிக் கட்டி மத்தியானம்வரை நடந்திருக்கிறேன், கோச்சியில் காலை ஆட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன். எனக்கு இப்போதும் நோவில்லை.

"உது எப்பிடி உள்ளுக்கை போனது?"

இங்கேதான் நான் அந்தப் பிழையைச் செய்தது. "பூட்ஸ் பழசு. சோலிலை ஏதோ ஓட்டை இருக்குப்போலை. ஆணியும் தள்ளிக்கொண்டு நிக்குதாக்கும்" என்றேன். வாயில் வந்தது.

அவள் முள்ளைக் கடுதாசியில் வைத்தாள், பூட்ஸை எடுத்தாள், நேரே வேலிக்குப் போனாள். நான் கூப்பிடக் கூப்பிடக் கேட்கவில்லை. "நடராசா! உந்த ஓட்டைச் சப்பாத்தையோ வருத்தக்காரனுக்குக் குடுத்தனீ?" அவன் ஓடிவந்தான். பூட்ஸுக்குள் கையை விட்டான், தடவினான், வெளிச்சத்தில் பிடித்துச் சோலைப் பார்த்தான். "அக்கா, இதிலை ஓட்டை இல்லை. வடிவாப் பாருங்கோ. நான் அப்பிடிச் செய்வனே?" அவன் குரல் தழுதழுத்தது. எனக்குக் கதிரையில் இருக்க ஏலவில்லை, எழும்பவும் ஏலவில்லை.

திரும்பி வந்தாள். மற்றக் காலைத் தூக்கி விரலிடுக்கைப் பார்த்தாள். நகத்தால் கொஞ்சம் மண்ணைச் சுரண்டி உள்ளங்கையில் வைத்தாள். சாம்பல் நிறம்.

"இஞ்சத்தை மண் சிவப்பு. உது எங்கடை ஊர்ப் புத்துமண். நான் பிறந்த மண் எனக்குத் தெரியாதே?"

எல்லாம் சொன்னேன். கேட்டாள். காயத்தைக் கழுவி மருந்து போட்டுக் கட்டினாள். கத்தவில்லை. அழவில்லை. கடைசியில் சொன்னது இவ்வளவுதான்:

"கால் போனால் நான் உங்களைத் தூக்குவன். பொய் சொல்லுற ஆளின்ரை காலை நான் எப்பிடிப் பாக்கிறது?"

கண்ணாடியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "இனி நீங்களே பாத்துக்கொள்ளுங்கோ."

ஐப்பசி 12, செவ்வாய்

காலை ஆசுப்பத்திரி. நீண்ட வரிசை. காயம் கட்டுகிறவர் முள்நுனி இன்னும் கொஞ்சம் எடுத்தார். ஊசி. மருந்து. கால் நிலத்தில் வைக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை வா என்றார்கள்.

போகிற வழியில் நடராசா வீட்டுப் படலையில் நின்று மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை அண்ணை" என்றான். பரவாயில்லை என்ற முகம் இல்லை. அவன் மனுசிக்கு ஒரு பெட்டி காளான் கொடுத்தேன். "காளான் சைவமோ மச்சமோ அண்ணை? எங்கடை வீட்டிலை செவ்வாய் சைவம்." மண்ணில் முளைக்கிறது, சைவம் என்றேன். அவள் யோசித்துவிட்டு, நாளைக்குச் சமைப்பம் என்றாள்.

பொழுதுபட்டது. விளக்கு வைத்தாள். பலகை சுவரோடு நின்றது. எடுக்கவில்லை.

ஐப்பசி 13, புதன்

வெயில். சல. மஞ்சள்.

கண்ணாடியில் நானே பார்க்கிறேன். காலை மடக்கினால் வயிறு இடிக்கிறது. கண்ணாடியை நிலத்தில் வைத்தால் கட்டுத்தான் தெரிகிறது. விரலிடுக்கு தெரியவே இல்லை. இவ்வளவு காலமும் அவள் பார்த்தது எவ்வளவு வேலை என்று இப்போதுதான் விளங்குகிறது.

காளான் கறி வைத்தாள். தேங்காய்ப்பால், மிளகு. அந்தப் பெரியதையும் நறுக்கிப் போட்டுவிட்டாள். ருசி என்றால் ருசி. அதைச் சொன்னேன். "ம்" என்றாள். கதை தேவைக்கு மட்டும்: "குளிசை." "தண்ணி." "காலைத் தூக்கி வையுங்கோ." நல்லாகப் பார்க்கிறாள், ஒன்றிலும் குறை இல்லை. அதுதான் கஷ்டம்.

ஐப்பசி 15, வெள்ளி

ஆசுப்பத்திரி. கட்டைப் பிரித்தபோது கெட்ட மணம். டொக்டர் சிரிக்கவில்லை. ஞாயிறு பார்ப்போம், கறுப்பு ஏறினால் படுக்க வேண்டிவரும் என்றார். பட்ட காலிலே படும் என்று சும்மா சொல்லவில்லை. வலக்காலேதான், இடக்கால் பத்திரமாக இருக்கிறது.

பின்னேரம் செல்லத்துரை மச்சான் வந்தார். நடராசா பூட்ஸ் விசயம் எப்படியோ கொடிகாமம்வரை போயிருக்கிறது. படலைக்கு வெளியே நின்றார். பரிமளம் "உள்ளுக்கை வாங்கோவன் அண்ணை" என்று மூன்று தரம் கூப்பிட்ட பிறகுதான் வந்தார். வாழைக்குலை ஒன்று. எனக்கு ஆகாத சாமான், அவருக்கு அது நினைவில்லை.

"நான் மறிச்சிருக்க வேணும்" என்றார். "கண்டனான். கண்டுபோட்டும் இடம் விட்டனான். நீர் பக்கத்திலை இருந்தது எனக்குச் சந்தோசமாக் கிடந்தது."

பரிமளம் குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

போகும்போது மெதுவாகச் சொன்னார்: "நேற்றுப் புத்தடிக்குப் போய்க் கேட்டனான், மச்சான். கும்பிட வாறவன் கழட்டட்டும், பிடுங்க வாறவனுக்கு என்ன சட்டம் எண்டு."

"என்னவாம்?"

"மறுமொழி இல்லை."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கோச்சிக்குப் போனார்.

ஐப்பசி 17, ஞாயிறு

ஆசுப்பத்திரி, ஏழாம் கட்டில். கொப்பி பரிமளம் கொண்டுவந்தது.

கறுப்பு ஏறிவிட்டது. பெருவிரல், பக்கத்து விரல், அடியில் ஒரு கை அளவு. செவ்வாய் காலை வெட்டு. பெரிய டொக்டர் கட்டிலடியில் நின்று, பரிமளத்தைப் பார்த்துச் சொன்னார்: "குதிக்காலைக் காப்பாத்தப் பாக்கிறம். திறந்தால்தான் தெரியும். இல்லாட்டிக் கணுக்காலுக்கு மேலை." குதி நின்றால் கந்தோருக்குப் போகலாம், கம்போடு. நிற்காவிட்டால் பிறகு பார்க்க வேணும்.

பயமாக இருக்கிறது. நோவில்லாததுக்கு இவ்வளவு பயப்படலாம் என்று தெரியாது.

நடராசா பின்னேரம் வந்து எட்டிப் பார்த்தான். ஒரு தோடம்பழம். "வேலைக்கு நேரமாகுது" என்று உடனே போய்விட்டான். வந்தான், அது போதும்.

ஐப்பசி 18, திங்கள்

மழை, யன்னல் எல்லாம் பூட்டு. சல. மஞ்சள். நாளை ஏழு மணிக்கு. காலையிலிருந்து பத்தியம்.

பின்னேரம் நாலு மணிக்குப் பார்க்க விடும் மணி அடித்தது. பரிமளம் முதல் ஆளாக வந்தாள், சேலைக் கரை நனைந்து. கதிரையைக் கட்டிலின் கால்மாட்டில் போட்டாள். எட்டு நாளில் முதல் தரம் அந்தப் பக்கம் இருந்தாள்.

பக்கத்துக் கட்டில்காரரின் ஆட்கள் சத்தமாகக் கதைத்தார்கள், யாருடையதோ கலியாணச் சீதனம். பரிமளம் சேலைக் கரையைப் பிழிந்தாள். பிறகு கேட்டாள்:

"ஒண்டு கேக்கிறன். பொய் சொல்லாமல் சொல்லுங்கோ. குதி நிண்டு, வாற ஐப்பசிக்கு அண்ணை கூப்பிட்டு, அந்தப் புத்தடிக்குப் போனால், கழட்டுவியளோ?"

இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. அவளுக்கும் அதைக் கேட்க ஆசை, முகத்தில் தெரிந்தது. எல்லாம் சரியாகியிருக்கும். யோசித்தேன். அந்தக் கல், அந்த இருபதடி.

"கழட்டுவன்" என்றேன்.

யன்னல் கண்ணாடியில் வழிகிற மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமோ, அழப்போகிறாளோ தெரியவில்லை.

"அப்ப நானும் வாறன்" என்றாள். "என்ரை ஊர்ப் புத்து. எனக்கும் பிடுங்கத் தெரியும். நீங்கள் சப்பாத்தோடை தள்ளி நிண்டு, முறிக்காதை முறிக்காதை எண்டு கத்திக்கொண்டு நில்லுங்கோ."

ஓம் என்றேன்.

நேரம் முடிந்த மணி அடித்தும் அவள் எழும்பவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். திறந்து பார்த்தால் கட்டுப் போட்ட கால் அவள் மடியில். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். எப்போது எடுத்து வைத்தாளோ, எனக்குத் தெரியாது.